வெள்ளிக்கிழமை வராத வாரம்

2011 டிசம்பர் காலண்டர் பழைய பரணில் எங்காவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 30-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. நமக்கு வழக்கம்போல் வந்து போன நாள். பசிபிக் கடலில் உள்ள சமோவாவில் அந்த நாள் வரவே இல்லை. வியாழன் இரவு படுத்தவர்கள் எழுந்தபோது சனிக்கிழமை. பக்கத்து டோகெலாவிலும் அப்படியே.

காரணம் வியாபாரம்தான். 1892-இல் அமெரிக்க வணிகர்களுக்குத் தோதாக சமோவா தேதிக்கோட்டின் அமெரிக்கப் பக்கம் போனது. அதற்காக அந்த வருடம் ஜூலை 4 இரண்டு முறை வந்தது! நூறு வருடம் கழித்துப் பார்த்தால், கொடுக்கல் வாங்கல் முழுக்க நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவோடு. இங்கே வெள்ளி என்றால் அங்கே சனி, விடுமுறை. இங்கே சர்ச்சுக்குப் போகும் ஞாயிறன்று அங்கே ஆபீஸ் திறந்திருக்கும். வாரத்தில் இரண்டு வேலை நாள் வீண். எனவே அரசு மறுபடி கோட்டைத் தாண்டியது. வராத வெள்ளிக்கும் ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு. (நம் செக்யூரிட்டி தம்பியிடம் இதைச் சொன்னேன், ரொம்பப் பிடித்துப்போனது.) அமெரிக்க சமோவா மட்டும் பழைய பக்கமே நின்றுவிட்டது. ஒரு மணி நேரம்கூட ஆகாத விமானப் பயணம்தான், ஆனால் சொந்தபந்தங்களுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி.

இப்படித் தாண்ட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. 1884 வாஷிங்டன் மாநாடு கிரீன்விச்சைப் பூஜ்யக் கோடாக்கியதே தவிர, தேதிக்கோட்டை எந்த உடன்படிக்கையும் வரையறுக்கவில்லை. நாடுகள் எந்தத் தேதியை வைத்துக்கொள்கின்றனவோ அதற்கேற்ப வரைபடக்காரர்கள் கோட்டை வளைக்கிறார்கள்.

உங்கள் செல்போன் அந்தக் கோட்டைப் பார்ப்பதே இல்லை. எந்த ஊருக்கு என்ன நேரம், எப்போது மாறியது என்ற பட்டியலைத்தான் பார்க்கிறது. சமோவாவின் தாவலும் அதில் ஒரு வரி.

டிஜிட்டல் மேப்புக்கு உண்மையான தலைவலி 180 டிகிரி தீர்க்கரேகை. ஃபிஜியின் சில தீவுகள் கிழக்கு 179-இல், சில மேற்கு 179-இல். நேரில் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். கம்ப்யூட்டருக்கோ ஒன்று +179, மற்றது -179. கழித்துப் பார்த்தால் 358 டிகிரி! கவனிக்காமல் எழுதிய மென்பொருள் ஃபிஜியை உலகம் முழுக்க நீட்டி ஒரு பட்டையாக வரைந்துவிடும். அதனால் 180-ஐத் தாண்டும் உருவத்தை அந்த இடத்தில் இரண்டாக வெட்டிவிடுங்கள் என்கிறது 2016-இல் வந்த ஜியோஜேசான் தர விதி.

ஃபிஜியின் தவேயுனி தீவில் அந்த ரேகை தரைமேலேயே ஓடுகிறது. பலகை வைத்திருக்கிறார்கள், இரு பக்கமும் கால் வைத்துப் போட்டோ எடுக்கலாம். இரண்டு காலுக்கும் ஒரே தேதிதான். தேதிக்கோடு ஃபிஜியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போகிறது.