ஆடு தொடாத இலை

முள்செடியைக்கூட விட்டுவைக்காத ஆடு, ஆடாதோடைப் பக்கம் வாய் வைக்காது. அவ்வளவு கசப்பு. 'ஆடு தொடாத இலை' என்பதே ஆடாதோடை ஆயிற்று என்பார்கள். 1753-இல் செடிகளுக்கு லத்தீன் பெயர் சூட்டிய லின்னேயஸும் இந்தப் பெயரை விடவில்லை: ஜஸ்டீசியா அடாதோடா.

சளி, இருமல், இளைப்பு என்றால் சித்த மருத்துவம் தேடிப்போகும் இலை இது. அதற்குள் என்னதான் இருக்கிறது? 1888-இல் டேவிட் ஹூப்பர் அதிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். மதராஸ் அரசுக்காக ஊட்டியில் சின்கோனாப் பட்டையையும் குயினைனையும் ஆராய்ந்த வேதியியலாளர் அவர். ஆடாதோடையின் சமஸ்கிருதப் பெயர் வாசா. ஆல்கலாய்டுக்கு வாசிசின் என்று பெயர் வந்தது.

அடுத்த கட்டம் ஜெர்மனியில். போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனத்தார் வாசிசினை மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் ஒரு புது மூலக்கூறைக் கட்டினார்கள். 1963-இல் அது புரோம்ஹெக்சின் என்ற மருந்தாக வந்தது. கெட்டிச் சளியை இளக்கி வெளியே தள்ள உதவுவது அதன் வேலை. நம் உடம்பு அதை உடைக்கும்போது அம்ப்ராக்சால் உண்டாகிறது. 1970களின் இறுதியில் அதுவே தனி மருந்தாகிவிட்டது.

அம்ப்ராக்சாலுக்கு இன்னொரு குணம் உண்டு. நுரையீரலின் காற்று நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற படலம் சுரப்பதை அது தூண்டுகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தப் படலம் போதாமல் மூச்சுத் திணறும். அதனால் குறைப்பிரசவ ஆபத்திலிருந்த கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். தெளிவான முடிவு கிடைக்கவில்லை. ஸ்டீராய்டு ஊசிதான் நிலைத்தது.

இந்தக் கதையை வைத்து ரெண்டு கட்சி சண்டை போடுகிறது. 'நம்ம இலையைத் திருடி மாத்திரை ஆக்கிட்டான்' என்பது ஒன்று. 'இலையெல்லாம் பாட்டி கதை' என்பது மற்றது. புரோம்ஹெக்சினில் இரண்டு புரோமின் அணுக்கள் இருக்கின்றன. வாசிசினில் ஒன்றுகூட இல்லை. மாத்திரை வேறு, இலை வேறு. மாத்திரைக்குக் கிடைத்த சான்று இலைக்கும் சேர்த்துக் கிடைத்தது ஆகாது. அதேபோல, எங்கே தேட வேண்டும் என்று கை காட்டியது இலைதான்; அதை மறைப்பதும் நியாயமில்லை. வேறொருவர் எழுதிய நிரலை எடுத்து மாற்றினால், மேலே அவர் பெயரை ஒரு வரி போடுகிறோமே, அந்த மரியாதையாவது இலைக்கு வேண்டும்.

மரியாதை என்பது புகழ்வது மட்டுமில்லை, கொஞ்சம் பயப்படுவதும்தான். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். 1980 வாக்கில் ஜம்மு ஆய்வகத்தில் சி.கே. அடல் குழுவினர் அதை அந்த நோக்கிலேயே ஆராய்ந்தார்கள். 'பச்சிலைதானே, என்ன பண்ணிடும்?' என்று கர்ப்பிணிக்குக் கஷாயம் நீட்டக் கூடாது.

இருமலுக்கு ஆகும் அதே இலைதான் இதையும் செய்கிறது. ஆடு சும்மா ஒதுங்கிப் போகவில்லை.