செய்த புண்ணும் பட்ட புண்ணும்

குருத்தணு மருத்துவத்தின் வரலாற்றில் நாய் இருமுறை வருகிறது. முதலில் சோதனைப் பிராணியாக. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து நோயாளியாக. முதல் வருகையைப் பற்றி மருத்துவ வரலாறு ஓரளவு பேசியுள்ளது. இரண்டாவது வருகை, குறிப்பாகப் புண் ஆற்றும் சிகிச்சையில், இன்னும் ஆய்விதழ்களின் பின்பக்கங்களில்தான் கிடக்கிறது.

1955இல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூர் மருத்துவமனைக்கு டோனல் தாமஸ் வந்து சேர்ந்தார். எலும்பு மஜ்ஜையை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாற்ற இயலுமா என்பது அவரும் ஜோசப் ஃபெர்ரபீயும் எழுப்பிய கேள்வி. 1957இல் ஆறு மனித நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வெளியானது. அவர்களுள் ஒருவரும் நூறு நாள்களைக் கடந்து வாழவில்லை. மனிதரிடம் அடைபட்ட வழி நாயிடம் தேடப்பட்டது. நாய் ஒரே ஈற்றில் பல குட்டிகள் ஈனும்; ஆகவே உடன்பிறப்புகளுக்கிடையே திசுப்பொருத்தத்தை ஆராயலாம். உயிர்போக்கும் அளவு கதிர்வீச்சு பெற்ற நாய்களுள், முன்பே எடுத்து வைத்த தம் மஜ்ஜையையே திரும்பப் பெற்றவை பிழைத்தன. பிற நாய்களின் மஜ்ஜையைப் பெற்றவற்றுள் பெரும்பாலானவை இறந்தன: சிலவற்றில் புது மஜ்ஜை வேர்கொள்ளவில்லை, சிலவற்றில் வேர்கொண்ட மஜ்ஜையே உடலைத் தாக்கியது. மெத்தோட்ரெக்ஸேட்டின் பயனும் திசுப்பொருத்தத்தின் இன்றியமையாமையும் இந்த நாய்களிடமிருந்தே தெளிவாயின. 1963இல் சியாட்டிலுக்குப் பெயர்ந்த தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வாறு நாயின் வழியாக மனிதரை அடைந்தவை இரத்தம் ஆக்கும் அணுக்கள். புண் மருத்துவத்துக்குரியது அதே மஜ்ஜையில் வாழும் மற்றோர் அணுவகை. மாஸ்கோவில் அலெக்ஸாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் 1970இல் சீமைப்பெருச்சாளியின் மஜ்ஜையிலிருந்து, கலத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு குடியிருப்புகளாகப் பெருகும் அணுக்களை விவரித்தார். 1991இல் ஆர்னல்ட் கேப்ளன் இவற்றை மீசென்கைமல் குருத்தணுக்கள் என அழைத்தார். அப்பெயரில் ஒரு வாக்குறுதி இருந்தது: இவை எலும்பாகும், குருத்தெலும்பாகும், சேதமுற்ற இடத்தில் புதுத்திசுவாகும். இத்துறையின் பிற்கால மயக்கங்களுள் பாதி இப்பெயரிலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து.

நாயின் தோலைப் பற்றி இங்கு ஒரு சொல். மனிதத் தோலைப் போல் அது கீழ்த்திசுவோடு இறுகப் பிணைந்ததன்று. உடற்பகுதியில் தளர்ந்து அசையும். எனவே முதுகிலோ விலாவிலோ ஏற்படும் புண் பெரும்பாலும் விளிம்புகள் சுருங்கி நெருங்குவதாலேயே மூடும். முழங்கைக்குக் கீழும் பின்னங்கால் கணுவுக்குக் கீழும் நிலைமை வேறு: அங்கு இழுத்து மூடத் தோல் இல்லை. வண்டி மோதித் தரையில் உராய்ந்து, எலும்பு தெரியும் அளவுக்குச் சதை போன கால்களே அறுவை மருத்துவரை உண்மையில் திணறவைப்பவை. அணுச் சிகிச்சையின் தேவையும் அங்கேதான்.

2003இல் படியாவாஸ், ஃபலாங்கா ஆகியோர் நெடுநாள் ஆறாத புண்கள் கொண்ட மூன்று மனித நோயாளிகளுக்கு அவர்களது மஜ்ஜை அணுக்களையே இட்டுப் பார்த்த அறிக்கையை வெளியிட்டனர். 2009இல் இசத்நகரின் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து முயல்களின் தோற்புண்களில் மஜ்ஜை அணுக்களின் பயனை ஆராய்ந்த கட்டுரை வந்தது. 1889இல் புனேயில் நுண்ணுயிரியல் ஆய்வகமாகத் தொடங்கி, 1893இல் முக்தேஸ்வர் மலைக்குச் சென்ற நிறுவனம் அது. காலனி அரசு அதனிடம் எதிர்பார்த்தது மாட்டுக்கொள்ளை நோய்க்கு மருந்து. அக்கொள்ளை நோய் ஒழிந்து, நகர வீடுகளில் நாய் குடும்பத்தில் ஒன்றான பிறகு, அதே நிறுவனத்தின் மேசைக்கு நாயின் மஜ்ஜை வந்தது. எந்த விலங்கின் வலி எக்காலத்தில் ஆய்வுப்பொருளாகிறது என்பது அறிவியலால் மட்டும் முடிவாவதில்லை.

2013இல் தென்கொரிய ஆய்வாளர்கள் பீகிள் நாய்களில் புண் உண்டாக்கி, வேறு நாய்களின் மஜ்ஜை அணுக்களை இட்டனர். புண்கள் விரைந்து மூடின, இரத்தக்குழாய்கள் மிகுந்தன, கொலாஜன் பெருகியது. முடிவு ஊக்கமளிப்பது. எனினும் அது கத்தியால் செய்த புண். தூய்மையானது, வட்டமானது, நலமான நாயின் உடலில் அமைந்தது. நம் தெருக்களில் நாய் பட்ட புண்ணோ சீழும் மண்ணும் ஏறியது; பலவேளை ஈ முட்டையிட்டுப் புழு வைத்தது. அதற்கு முதலில் வேண்டுவது புழுவை எடுத்து, அழுகிய சதையை நீக்கி, கழுவிக் கட்டும் ஒரு கை. இவ்வேறுபாட்டை ஆய்வுச் சுருக்கங்கள் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

காலமும் ஓர் இடர். நாயின் சொந்த அணுக்களை எடுத்து வளர்த்துப் பெருக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் எளிய புண் தானே ஆறிவிடும், கடிய புண் கெட்டுவிடும். பிற நாய்களின் அணுக்களை உறைய வைத்துப் பயன்படுத்தும் வழி இதனாலேயே வலுப்பெற்றது. 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விலங்குகளுக்கான அணுப்பொருள்களை மருந்தாகவே கருதி நெறிமுறை வெளியிட்டது.

இதற்கிடையே அடிப்படைக் கருத்தே மாறியது. இட்ட அணுக்கள் புண்ணில் நெடுநாள் தங்குவதில்லை. தோலாக மாறுவன மிகக் குறைவு. அவை சுரக்கும் பொருள்களே அழற்சியைத் தணித்து, உடலின் சொந்த அணுக்களை வேலைக்கு அழைக்கின்றன என்ற விளக்கம் மேலோங்கியது. நாயின் மஜ்ஜை அணுக்களோடு, அவை வளர்ந்த ஊடக நீரையும் நீரிழிவு எலிகளின் புண்ணில் சோதித்த ஆய்வு 2013இல் வெளிவந்ததை இப்பின்னணியில்தான் படிக்க வேண்டும். 2017இல் கேப்ளனே தாம் இட்ட பெயரை மாற்றுமாறு எழுதினார். குருத்தணு என்ற சொல்லைக் கைவிட்டு, மருத்துவச் சைகை தரும் அணுக்கள் என அழைக்கலாம் என்றார். தம் சொல்லைத் தாமே திரும்பப் பெற முன்வருவோர் அறிவியலில் அரியர்.

இம்மாற்றம் பழைய முடிவுகளையும் மறுபடி படிக்கக் கோருகிறது. ஒரே விலங்கின் உடலில் ஒரு புண்ணுக்கு அணுக்களையும் மற்றொரு புண்ணுக்கு வெறும் உப்புநீரையும் இட்டு ஒப்பிடுவது இத்துறையில் பரவலான முறை. அணு தான் இருந்த இடத்திலேயே தோலாகிறது என்று நம்பிய காலத்தில் அதில் குறையில்லை. சுரந்த பொருள் இரத்தத்தில் கலந்து பரவுமெனில், உப்புநீர் இட்ட புண்ணும் ஓரளவு மருந்து பெற்ற புண்ணே. இரண்டுக்கும் இடையே கண்ட வேறுபாடு உண்மைப் பயனைவிடச் சிறிதாகத் தோன்றியிருக்கவும் கூடும்.