விருந்தினர் துணைக்கருவிகள் (மெய்நிகர் இயந்திரம்)

விருந்தினர் துணைக்கருவிகள் என்பவை மெய்நிகர் இயந்திரத்தினுள் இயங்கும் இயங்குதளத்தில் நிறுவப்படும் இயக்கிகளும் சேவைகளும் அடங்கிய மென்பொருள் தொகுப்பாகும். மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கும் கணினி புரவலர் எனவும், உள்ளே இயங்கும் இயங்குதளம் விருந்தினர் எனவும் அழைக்கப்படும். இக்கருவிகள் இன்றியும் விருந்தினர் இயங்கும். ஆயினும் வலையமைப்பு வேகம், திரைத் தெளிவு, நினைவகப் பங்கீடு, தரவுப் பிழையற்ற காப்புநகல் ஆகியவை இவற்றைச் சார்ந்தே அமைகின்றன.

முக்கிய தொகுப்புகள்

* விஎம்வேர் டூல்ஸ்: இதன் பெரும்பகுதி 2007 செப்டம்பரில் ஓப்பன்-விஎம்-டூல்ஸ் என்னும் பெயரில் திறமூலமாக வெளியிடப்பட்டது. லினக்ஸ் விருந்தினர்களுக்கு இதுவே பரிந்துரைக்கப்படுகிறது.
* ஹைப்பர்-வி ஒருங்கிணைப்புச் சேவைகள்: லினக்சுக்கான இயக்கிகளை மைக்ரோசாப்ட் 2009 சூலையில் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வழங்கியது.
* விர்ட்டியோ: ரஸ்டி ரசல் உருவாக்கிய இவ்வியக்கிகள் 2008 சனவரியில் வெளியான லினக்ஸ் கருனி 2.6.24 இல் இடம்பெற்றன.
* விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் அடிசன்ஸ்: ஆரக்கிள் நிறுவனத்தின் விர்ச்சுவல்பாக்சுக்கு உரியது.

இற்றைப்படுத்தல்

முதலில் காப்புநகலோ ஸ்னாப்ஷாட்டோ எடுக்கப்படும். விஎம்வேரில் துணைக்கருவிகளை முதலிலும் மெய்நிகர் வன்பொருள் பதிப்பை அதன் பின்னரும் உயர்த்துதல் வேண்டும். வரிசை மாறினால் புதிய வன்பொருளுக்கான இயக்கி இன்றி விருந்தினர் வலையமைப்பை இழக்கக்கூடும். வலையமைப்பு இயக்கி மாற்றப்படும்போது இணைப்பு சிறிது நேரம் அறுபடலாம்; விண்டோசில் மறுதொடக்கமும் தேவைப்படலாம். ஆகவே இப்பணி உற்பத்தி இல்லாத வேளையில் செய்யப்படுகிறது. பணி முடிந்து சரிபார்த்தபின் ஸ்னாப்ஷாட்டை நீக்க வேண்டும். நீக்காவிடில் அது வளர்ந்து வட்டினை நிரப்பிவிடும்.

லினக்சில் கருனிக்கு வெளியே தொகுக்கப்பட்ட இயக்கிகள், கருனி மாறும்போது மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். வழங்கலின் களஞ்சியத்திலிருந்து நிறுவினால் இச்சிக்கல் பெரும்பாலும் எழாது.

பாதுகாப்பு

துணைக்கருவிகள் விருந்தினரில் உயர் உரிமையுடன் இயங்குவதால் அவற்றின் குறைபாடுகள் ஆபத்தானவை. 2023 சூனில் திருத்தப்பட்ட சிவிஇ-2023-20867 என்னும் குறைபாட்டின் வழியே, புரவலரை முன்னரே கைப்பற்றிய தாக்குநர்கள் கடவுச்சொல் இன்றி விருந்தினரில் கட்டளைகளை இயக்கினர். 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட சிவிஇ-2025-41244, விருந்தினரின் சாதாரணப் பயனர் ஒருவர் நிருவாகி உரிமை பெற வழிவகுத்தது. எனவே இயங்குதளத்தை மட்டும் இற்றைப்படுத்தித் துணைக்கருவிகளை விட்டுவிடுவது போதுமானதன்று.

நேர ஒத்திசைவு

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி, நிறுவனங்கள் தம் கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளுடனோ, அவற்றைத் தழுவிய வழங்கிகளுடனோ இணைக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பேணவும் வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு இவ்வாணை 2022 செப்டம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. விஎம்வேர் டூல்சில் தொடர் ஒத்திசைவு அணைக்கப்பட்டிருந்தாலும், ஸ்னாப்ஷாட் போன்ற சில நிகழ்வுகளின்போது விருந்தினரின் கடிகாரம் புரவலரைப் பின்பற்றித் திருத்தப்படலாம். ஆகையால் புரவலரின் நேரமும் சரியாக இருத்தல் இன்றியமையாதது. தவறினால் பதிவுகளின் நேரமும் தவறாகும்.

தொழிற்சாலைகளில்

ஓசூர், கிருட்டிணகிரி போன்ற தொழிற்பகுதிகளுக்கு இப்பொருள் தனி முக்கியத்துவம் உடையது. உற்பத்தி இயந்திரங்களின் ஆயுள் பெரும்பாலும் இயங்குதளங்களின் ஆயுளைவிட நீண்டதாகும். பழைய விண்டோசில் மட்டுமே இயங்கும் மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்த, பழுதடையும் கணினியிலிருந்து அதனை மெய்நிகர் இயந்திரத்திற்கு மாற்றுவது ஒரு வழியாகும். ஆனால் விண்டோசு எக்சுபிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 இல் முடிவடைந்தது. அதற்கான விஎம்வேர் டூல்சும் பழைய பதிப்பிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இத்தகைய விருந்தினர்களை இற்றைப்படுத்த இயலாது என்பதால், இணையத்திலிருந்து பிரித்துத் தனி வலையமைப்பில் வைப்பதே தகுந்த பாதுகாப்பாகும்.

இவற்றையும் பார்க்க

* மெய்நிகராக்கம்
* லினக்ஸ் கருனி
* கணினிப் பாதுகாப்பு