சவிதா அம்பேத்கர்: ஒரு துணையின் சாட்சியம்

தலைவர்களின் வரலாற்றை மேடைகளும் ஆவணங்களும் சொல்லும். அவர்கள் நோயுற்ற இரவுகளை உடனிருந்தோரே சொல்ல இயலும். அத்தகைய நூல்களில் ஒன்று, அண்ணல் அம்பேத்கரின் துணைவியார் சவிதா மராத்தியில் எழுதி 1990இல் வெளிவந்த வாழ்க்கை நினைவுகள்.

1909இல் சாரதா கபீர் என்ற பெயரில் சாரஸ்வத பிராமணக் குடும்பத்தில் பிறந்த அவர், மும்பையில் மருத்துவம் பயின்றவர். முதல் மனைவி இரமாபாயை 1935இல் இழந்த அம்பேத்கர், அரசியலமைப்புப் பணியின் நடுவே நீரிழிவாலும் நரம்பு வலியாலும் நலிந்திருந்தார். 1948 ஏப்ரல் 15இல் தில்லியில் இருவருக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. சாதி ஒழிப்பைப் பேசியவரின் இல்லத்திலேயே சாதி கடந்த மணம் நிகழ்ந்தது. ஆயினும் அவரைப் பின்பற்றியோருள் சிலர் அதை ஐயத்தோடு நோக்கினர்.

தமிழர்க்கு இது புதிதன்று. 1922இல் திருப்பூரில் கூடிய காங்கிரசு மாநாட்டில் அனைவர்க்கும் ஆலய நுழைவுரிமை கோரி வாதிட்ட பெரியார், 1949இல் மணியம்மையாரை மணந்தபோது இயக்கமே பிளவுற்றது. தலைவர் மீதான மனக்குறையைத் துணைவி மீது சுமத்துவது எளிது போலும்!

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் கணவருடன் பௌத்தம் தழுவிய சவிதா, டிசம்பர் 6இல் அவரை இழந்தார். மரணத்தின் பழியும் அவர்மேல் வீசப்பட்டது. அது இயற்கை மரணமே என அரசின் விசாரணை முடிவு கூறிய பின்னும் வசை ஓயவில்லை. தம்மை மீட்டெடுத்தவர்கள் என மனைவியையும் மருத்துவர் மாவலங்கரையும் அம்பேத்கர் நன்றியோடு குறித்த முன்னுரை, 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் இடம்பெறவில்லை. 1980இல் பகவான் தாஸ் அதை வெளிக்கொணர்ந்தார்.

ஆகவே சவிதாவின் நூல் நினைவு மட்டுமன்று. குற்றம் சாட்டப்பட்டவரின் மறுமொழியும் ஆகும். தற்காப்புக்கென எழுதப்பட்ட பகுதிகளைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே கொள்ளல் வேண்டும். எனினும் மருந்து, பத்தியம், உறக்கமற்ற எழுத்துப்பணி ஆகியவற்றை அருகிருந்து கண்ட மருத்துவரின் சொல்லுக்கு ஈடான சான்று வேறில்லை.

1990இல் கணவருக்கு வழங்கப்பெற்ற பாரத ரத்னாவைப் பெற்றுக்கொண்டவர் அவரே. 2003இல் அவர் மறைந்தார். நூலின் ஆங்கில ஆக்கம் 2022இல்தான் வந்தது. விடுபட்ட ஒரு நன்றியுரையின் இடத்தை ஒரு பெண் தாமே எழுதி நிரப்ப வேண்டியிருந்தது என்பதே, எழுதுவோர் இந்நூலிலிருந்து கொள்ளத்தக்க செய்தி.