ஏரியல் எங்கே இருக்கு?

போன வாரம் மருங்காபுரியிலிருந்து அக்கா போன் பண்ணினாங்க. "பொண்ணுக்கு வேற லேப்டாப் பார்க்கணும்டா. இப்ப இருக்கறது திண்ணைக்கு வந்தாத்தான் வைஃபை எடுக்குது, கடைசி ரூம்ல சுத்தமா இல்ல"ன்னாங்க. தடிச்ச சுவர் வச்ச பழைய வீடு. ஆன்லைன் பரீட்சையைக்கூட அவ தெருவைப் பார்த்து உட்கார்ந்துதான் எழுதியிருக்கா. அந்தக் கேள்வியிலிருந்து இன்னைக்குப் பேசலாம்.

1939 மே 16-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. அந்தக் காலத்தில் ரேடியோ பெட்டி வாங்கினால் ஏரியல் கம்பியும் கட்ட வேண்டும். கம்பி சரியில்லையென்றால் பாட்டுக்குப் பதில் இரைச்சல்தான். லேப்டாப்பிலும் அந்தக் கம்பி உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் நாம் அதைக் கேட்பதே இல்லை.

1999 ஜூலையில் ஆப்பிள் ஐபுக்கை அறிமுகம் செய்தபோது, ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பெரிய வளையத்துக்குள் அதை நுழைத்துக் காட்டினார். ஒயரே இல்லை பாருங்கள் என்று! அது பிளாஸ்டிக் உடம்பு, அலை தடையில்லாமல் போய்வரும். 2001-ல் வந்த பவர்புக் டைட்டானியத்தில் செய்யப்பட்டது. பார்க்க அழகு. ஆனால் உலோகம் ரேடியோ அலையை மறைக்கும். வைஃபை சரியாக எடுக்கவில்லை என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். 2003-ல் அலுமினிய மாடல்கள் வந்தபோது ஆன்டெனா திரையின் ஓரங்களுக்குப் போய்விட்டது. அதே வருஷம் மார்ச்சில் இன்டெல் 'சென்ட்ரினோ' கொண்டுவந்தது. அதற்கப்புறம் வைஃபை இல்லாத லேப்டாப்பைத் தேடினாலும் கிடைப்பது அரிதாகிவிட்டது. கேள்வி கேட்கும் பழக்கமும் அதோடு போய்விட்டது என்று நினைக்கிறேன்.

சரி, கடையில் என்ன கேட்பது? பிராசஸர், ரேம் எல்லாம் அவரே சொல்லிவிடுவார். உடம்பு முழுக்க உலோகமாக இருந்தால், ஆன்டெனாவுக்குப் பிளாஸ்டிக் பட்டை எங்கே விட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆன்டெனா ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். விலை குறைந்த சிலவற்றில் ஒன்றுதான் இருக்கும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் எடுக்க வேண்டும். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டும்போது சீக்கிரம் பலமிழக்கும். அக்கா வீட்டுக் கடைசி ரூமுக்கு 2.4 தான் சரிவரும்.

இன்னொன்றும் சொன்னேன். ரூட்டர் இப்போ வாசல் பக்கம் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கு. முதல்ல அதை நடுக்கூடத்துக்கு மாத்துங்க, அப்புறம் திருச்சிக்குக் கடைக்குப் போகலாம்னேன். ஞாயித்துக்கிழமை மாத்துறாங்களாம்.