நாற்பத்தாறு சாண் கயிறு

குழந்தைகளின் மனத்தில் 'முன்னொரு காலத்திலே' என்று ஒரு பெரிய சாக்கு இருக்கிறது. பாட்டியின் கல்யாணம், ராஜா ராணி, டைனோஸார் எல்லாவற்றையும் அதற்குள்ளேதான் போட்டு வைக்கிறார்கள். பழைய எகிப்தியர்களும் அதிலேயே போய் விழுகிறார்கள். பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனும் கிளியோபாத்ராவும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் என்றே குழந்தை நினைத்துக்கொள்ளும். குழந்தை என்ன, பெரியவர்களிலும் பலர் அப்படித்தான்!

"பிரமிடு சுமார் கி.மு. 2560, கிளியோபாத்ரா இறந்தது கி.மு. 30" என்று நெட்டுருப் போடச் சொல்லிப் பயனில்லை. "30-க்கு அப்புறந்தானே 2560 வரும்?" என்று குழந்தை கேட்கும். நியாயமான கேள்வி. பின்னோக்கி எண்ணுகிற கணக்கு ஏழு வயதுக்குப் பிடிபடாது.

ஆகவே, ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்துக்கு ஒரு சாண். ஒரு முனைதான் இன்றைய தினம். பாட்டியின் ஆயுள் முழுவதும் முதல் சாணுக்குள் அடங்கிவிடும். கிளியோபாத்ராவுக்கு இருபதரைச் சாணில் ஒரு முடிச்சுப் போடுங்கள். இளம் வயதில் மாண்ட அரசன் துட்டன்காமனுக்கு முப்பத்து மூன்றரைச் சாணில் ஒன்று. பிரமிடுக்கு நாற்பத்தாறாவது சாணில். பிறகு கயிற்றைப் பாதியாக மடிக்கச் சொல்லுங்கள். கிளியோபாத்ராவின் முடிச்சு நம் பக்கத்துப் பாதியில் இருக்கும்! அவள் பிரமிடைவிட நமக்கே அருகில் வாழ்ந்தவள் என்பதைக் குழந்தையே கண்டுபிடித்துவிடும்.

அப்புறம் ஒரு கதையும் சொல்லலாம். பிரமிடுகளுக்கு அருகே மனித முகமும் சிங்க உடலுமாகப் படுத்திருக்கிறது ஸ்பிங்க்ஸ். அதன் முன்னங்கால்களுக்கு நடுவே, சுமார் கி.மு. 1400-இல் நாலாம் துட்மோஸ் நிறுத்திய கல்வெட்டு இன்னும் நிற்கிறது. இளவரசனாக இருந்தபோது அவன் அந்தச் சிலையின் நிழலில் தூங்கினானாம். "என்னை மூடிய மணலை அகற்று, உன்னை அரசனாக்குகிறேன்" என்று சிலை கனவில் சொல்லிற்றாம். கனவு இருக்கட்டும், கயிற்றைப் பாருங்கள். சிலைக்கும் அவனுக்கும் இடையே பதினொரு சாண் தூரம்! எகிப்தியர்களுக்கும் ஒரு பழங்காலம் இருந்தது. அவர்களும் அதை அண்ணாந்து பார்த்து வியந்தார்கள்.

இது மனத்தில் பட்டால் போதும், சாக்கு அவிழ்ந்துவிடும். பழங்காலத்து மனிதர்கள் ஒரே கும்பலாக நிற்காமல், பாட்டன் பேரன் என்று வரிசையாக நிற்கத் தொடங்குவார்கள். "நான் எங்கே இருக்கிறேன்?" என்று குழந்தை கட்டாயம் கேட்கும். கயிற்றின் நுனியைக் காட்டுங்கள். அதன் ஏழு வயதுக்கு ஒரு விரற்கடை இடங்கூட வேண்டியதில்லை.