செயற்கைக்கோள் இணையப் பகிர்வுக்கான தீச்சுவர் ரூட்டர்

செயற்கைக்கோள் இணைப்பு ஒன்றைப் பல கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் பங்கிட்டு, வெளியிலிருந்து வரும் அழையா இணைப்புகளைத் தடுக்கும் கருவியே தீச்சுவர் ரூட்டர். இது டிஷ் ஆண்டெனாவின் மோடத்துக்கும் உள்பிணையத்துக்கும் நடுவே இருக்கும். கேபிள் வசதி எட்டாத பண்ணைகள், தீவுகள், கப்பல்கள் ஆகியவற்றில் இதன் தேவை அதிகம்.

வரலாறு

அமெரிக்காவில் 1996-இல் ஹியூஸ் நிறுவனம் வழங்கிய டைரெக்பிசி சேவையில் தரவு செயற்கைக்கோள் வழியே இறங்கியது. கோரிக்கைகள் தொலைபேசிக் கம்பியில் சென்றன. இணைப்பு ஒரே கணினியோடு கட்டுண்டிருந்ததால், பகிர வேண்டுமானால் அந்தக் கணினியே வாயிலாகச் செயல்பட வேண்டியிருந்தது. 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு இணையப் பகிர்வு வசதியைத் தந்தது. 2001-இல் வெளியான லினக்ஸ் 2.4 கருநிரலின் ஐபிடேபிள்ஸ், பழைய கணினியையும் தீச்சுவராக்க உதவியது. பின்னர் ஈதர்நெட் முனையுள்ள மோடங்கள் வந்ததும் தனி ரூட்டரே போதுமானதாயிற்று.

அமைக்கும் முறை

மோடத்தின் கம்பி ரூட்டரின் வெளிமுனையில் சேரும். உள்முனையில் சுவிட்சோ வைஃபை கருவியோ இணையும். மோடம் 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகளை வழங்கினால், உள்பிணையத்துக்கு 192.168.50 போன்ற வேறு தொடர் தர வேண்டும். இரண்டும் ஒன்றானால் எந்தத் தரவுப் பொட்டலம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ரூட்டரால் பிரித்தறிய முடியாது.

192.168.50.20 என்ற மடிக்கணினி ஓர் இணையதளத்தைத் திறப்பதாகக் கொள்வோம். ரூட்டர் அதன் முகவரியையும் போர்ட் எண்ணையும் அட்டவணையில் குறித்துக்கொண்டு, தன் வெளிமுகவரியை இட்டுக் கோரிக்கையை அனுப்பும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து மடிக்கணினிக்குச் சேர்க்கும். அட்டவணையில் பொருத்தம் இல்லாத பொட்டலங்களைத் தீச்சுவர் கைவிடும்.

ஸ்டார்லிங்க் என்னும் செயற்கைக்கோள் இணையச் சேவையின் ரூட்டரும் இதே முகவரி மாற்றத்தைச் செய்வதால், சொந்த ரூட்டரை இணைப்போர் ஸ்டார்லிங்க் ரூட்டரை பைபாஸ் நிலையில் வைப்பது நலம். சேவையாளர் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான பகிர்முகவரி ஒன்றை வழங்கினால், போர்ட் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து வீட்டுக் கேமராவை அடைய முடியாது. பொது முகவரியுள்ள ஒரு சர்வருக்கு வீட்டிலிருந்தே விபிஎன் என்னும் மறையாக்கிய இணைப்பை ஏற்படுத்துவது இதற்கு ஒரு தீர்வு. ஐபிவி6 இயங்கினால் அதற்கான தீச்சுவர் விதிகளையும் மறவாமல் எழுத வேண்டும்.

தாமதமும் வேகமும்

புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. கோரிக்கை ஏறி இறங்கவும், பதில் ஏறி இறங்கவும் ஏறத்தாழ 1,43,000 கிலோமீட்டர் ஆகிறது. ஒளியின் வேகத்திலும் இதற்கு 0.48 நொடி தேவை; நடைமுறையில் 0.6 நொடியைத் தாண்டும். இந்தத் தாமதத்தைச் சமாளிக்க மோடத்தில் டிசிபி என்னும் தரவுப் பரிமாற்ற நெறியை விரைவுபடுத்தும் முடுக்கிகள் இயங்குகின்றன. ரூட்டரில் ஐபிசெக் விபிஎன் அமைத்தால் டிசிபி தலைப்புகள் மறையாக்கத்துக்குள் ஒளிந்துவிடும். முடுக்கியால் அவற்றைப் படிக்க முடியாமல் வேகம் சரியும். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்கில் இந்தத் தாமதம் மிகக் குறைவு.

வெளிச்செல்லும் விதிகள்

செயற்கைக்கோள் இணைப்பில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. பல திட்டங்களில் தரவு அளவுக்கும் வரம்பு உண்டு. ஒரு கைபேசி தன் படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கினால் வீடு முழுவதும் இணையம் திணறும். ஆகவே உள்ளே வருவதைத் தடுப்பதோடு, வெளியே போவதை ஒழுங்குபடுத்துவதும் இங்கே தீச்சுவரின் முதன்மைப் பணி. மென்பொருள் புதுப்பிப்புகளை நள்ளிரவுக்குத் தள்ளுதல், டிஎன்எஸ் பதில்களை ரூட்டரிலேயே சேமித்தல், விருந்தினர் வைஃபைக்கு வேக வரம்பிடுதல், எஃப்க்யூ-கோடல் போன்ற வரிசை நெறியால் அழைப்புகளுக்கு இடம் விடுதல் ஆகியவை பயனுள்ளவை. ஓப்பன்டபிள்யூஆர்டி, பிஎஃப்சென்ஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்களில் இவை அனைத்தையும் அமைக்கலாம்.